விபத்து இழப்பீடு வந்தால் மருத்துவக் காப்பீட்டு மானியம் என்ன ஆகும்?

டெக்சாஸில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நானும் மனைவியும் ஹெல்த்கேர்.கவ் என்னும் அமெரிக்க அரசின் காப்பீட்டுச் சந்தைத் தளம் வழியாக 2026-ஆம் ஆண்டுக்கு ப்ரான்ஸ் திட்டம் (மாதத் தவணை குறைவு, சிகிச்சையின்போது கைச்செலவு அதிகம்) எடுத்திருக்கிறோம். ஆண்டு வருமானம் 70,000 டாலர் என்று காட்டி மானியம் பெறுகிறோம். கார் விபத்தில் எனக்கு ஏற்பட்ட முதுகெலும்பு முறிவுக்காக 1,20,000 டாலர் சமரசத் தொகை இந்த ஆண்டே வரவிருக்கிறது. அதில் 18,000 டாலர் தாமதத்துக்கான வட்டி என்கிறது ஒப்பந்த வரைவு. மானியம் போய்விடுமா?"

எவ்வளவு பணம் வருகிறது என்பதைவிட, எதற்காக வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மானியக் கணக்கு வருமான வரிக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. உடல் காயத்துக்கான இழப்பீட்டுக்கு, அக்காயத்தால் இழந்த சம்பளத்துக்கான பகுதி உட்பட, கூட்டாட்சி வரிச் சட்டத்தின் 104-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. எனவே உங்கள் 1,02,000 டாலர் மானியத்தைத் தொடாது. முந்தைய ஆண்டுகளில் இதே சிகிச்சைச் செலவைக் காட்டி வரிக் கழிவு பெற்றிருந்தால் மட்டும், அந்த அளவு வருமானமாகச் சேரும்.

கவலைப்பட வேண்டியது வட்டியைப் பற்றித்தான். வட்டிக்கு விலக்கு இல்லை. ஆகவே உங்கள் வருமானம் 88,000 டாலராகிறது. இருவர் கொண்ட குடும்பத்துக்கு 2026-இன் மானிய வரம்பு, வறுமைக்கோட்டுத் தொகையான 21,150 டாலரின் நான்கு மடங்கு, அதாவது 84,600 டாலர். 2021 முதல் 2025 வரை இந்த வரம்பைத் தாண்டியவர்களுக்கும் மானியம் கிடைத்துவந்தது. அந்தச் சலுகை முடிந்துவிட்டதால், இப்போது ஒரு டாலர் தாண்டினாலும் முழு மானியமும் போய்விடும். முன்கூட்டியே பெற்ற மானியத்தைத் திருப்பிச் செலுத்துவதற்கு இருந்த உச்சவரம்பையும் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது. ஆண்டு முழுவதும் பெற்ற தொகையை, வருமான வரிக் கணக்கோடு தரும் படிவம் 8962-இல் கணக்குப் பார்க்கும்போது அப்படியே கட்ட நேரிடும். வழக்கறிஞர் தம் கட்டணத்தை நேரடியாக எடுத்துக்கொண்டாலும், வட்டியில் அவருடைய பங்கைக் கழித்துக் காட்ட முடியாது. அதுவும் கட்சிக்காரரின் வருமானமே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்துள்ளது.

இதற்கு வழி உண்டு. காப்பீட்டுச் சந்தையில் விற்கும் ப்ரான்ஸ் திட்டங்கள் 2026 முதல் எச்எஸ்ஏ சேமிப்புக் கணக்குக்குத் (மருத்துவச் செலவுக்கான கணக்கு; அதில் போடும் தொகை வருமானத்திலிருந்து கழிக்கப்படும்) தகுதி பெறுகின்றன. நீங்கள் இருவரும் ஆண்டு முழுவதும் அத்திட்டத்தில் இருந்து, 8,750 டாலர்வரை அக்கணக்கில் போட்டால், வருமானம் 79,250 டாலராகக் குறைந்து வரம்புக்குள் வந்துவிடும். 2027 ஏப்ரல் 15 வரை இதற்கு அவகாசம் உள்ளது. வட்டியை அடுத்த ஜனவரியில் பெறுவது பற்றியும் வழக்கறிஞரிடம் கேளுங்கள், ஆனால் கையெழுத்திடுவதற்கு முன்பே கேளுங்கள்: பணம் உங்களுக்குக் கிடைக்கும் நிலைக்கு வந்தபின் தள்ளிவைத்தால் வரித்துறை ஏற்காது. வருமான மாற்றத்தை 30 நாட்களுக்குள் ஹெல்த்கேர்.கவ் தளத்திலும் தெரிவித்துவிடுங்கள்.

வேலையிடப் பாகுபாட்டு வழக்கில் சமரசம் கண்டவர்கள் இக்கணக்கைத் தமக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. அங்கே நிலுவைச் சம்பளமும், உடல் காயமின்றி ஏற்பட்ட மன உளைச்சலுக்கான தொகையும் பொதுவாக வருமானமே. வழக்கறிஞர் கட்டணத்தை மட்டும் கழிக்கலாம்.

கையில் மிஞ்சும் தொகையை முதலீடு செய்தால், அதன் ஈட்டம் ஆண்டுதோறும் மானியக் கணக்கில் சேரும். வரியில்லை என்பதற்காகப் பலர் வாங்கும் நகராட்சிப் பத்திரங்களின் வட்டியும் இக்கணக்கில் சேர்க்கப்படுகிறது.