வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும்போது, நிதி தருபவரின் வழிகாட்டல் ஆவணத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் நிறுவனத்தைப் பங்காளி என்று போட்டிருக்கிறார்களா, துணை ஒப்பந்தக்காரர் (காசுக்கு ஒரு வேலையை மட்டும் செய்து கொடுப்பவர்) என்று போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தகுதி, பக்க அளவு, கடைசித் திகதி எல்லாம் அதற்குப் பிறகு.

நீங்கள் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர் என்று நினைக்கிறேன். மேற்படிப்புக்குப் போன இடத்துப் பேராசிரியர் "சேர்ந்து செய்வோம்" என்று மின்னஞ்சல் போட்டிருப்பார். நான் விரிவுரையாளர் இல்லை, ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஆனால் இந்த ஆய்வுகளில் வெயிலில் நிற்கிறவர்கள் நாங்கள்தான், அதனால் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வகைச் சிறுநீரக நோய் பற்றிய வெளிநாட்டுக் கூட்டு ஆய்வு ஒன்றுக்குச் செட்டிகுளம் பக்கம் கிணற்று நீர் எடுத்தோம். அந்த நோய்க்குக் காரணம் இன்னும் முடிவாகவில்லை. நீரின் வன்மை, புளோரைட்டு, பூச்சிமருந்து, வெயில் வேலையில் உடல்நீர் வற்றுவது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வாளியை அலசி, மின்கடத்துதிறன் பார்த்து, உலோகச் சோதனைப் போத்தலில் நைத்திரிக் அமிலம் சில துளி விட்டு, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். வேலியோரம் நின்ற ஒரு அம்மா, "தம்பி, அப்ப இதைக் குடிக்கலாமோ?" என்றார். முடிவு வந்ததும் சொல்கிறோம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. போத்தல்கள் விமானம் ஏறின. முடிவு ஆங்கிலக் கட்டுரையாக வந்தது, எங்கள் பெயர்கள் நன்றியுரையில். அந்த அம்மாவுக்கு ஒன்றும் போகவில்லை. விசாரித்தால், ஊருக்குப் போய்ச் சொல்வதற்குப் பட்ஜெட்டில் காசு ஒதுக்கவில்லையாம்.

"காசு தந்தவனையே குறை சொல்கிறாய்" என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: வந்த வெளிநாட்டு ஆட்கள் நல்லவர்கள், எங்களோடு ஒரே சோற்றுப் பார்சல் சாப்பிட்டவர்கள். நான் சொல்வது, பங்காளியா துணை ஒப்பந்தக்காரரா என்று பிரிக்கும் விதியைப் பற்றி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் ஆய்வு நிதித் திட்டத்தை (2021–2027) எடுங்கள். இலங்கை நிறுவனம் அதில் பங்காளியாகவே நிதி பெறலாம். அப்படியானால் நேரடிச் செலவின் மேல் 25% மறைமுகச் செலவுக்கு (மின்சாரம், நிர்வாகம் போன்றவை) கிடைக்கும், நீங்கள் உண்டாக்கிய முடிவுகளும் உங்களுக்கே சொந்தம். மக்களுக்கு முடிவைக் கொண்டுபோய்ச் சொல்லும் செலவையும் உங்கள் கணக்கிலேயே எழுதலாம். துணை ஒப்பந்தம் என்றால் அந்தத் தொகைக்கு 25% கிடையாது, முடிவும் வழமையாக வேலை கொடுத்தவருக்கே போகும். கிணற்றடியில் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

     

சரி, உள்நாட்டு நிதி என்றால் இன்னொன்று. பட்ஜெட் ரூபாயில், கருவி விலையோ டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. அதற்கு முன் அனுமதியான காசில் பாதிக் கருவிதான் வாங்கலாம் என்ற நிலை. அதனால் கொட்டேசனை டொலரிலும் இணைத்து, நாணய மாற்று விகிதம் மாறினால் பட்ஜெட்டைத் திருத்த விடுவார்களா என்று விண்ணப்பிக்கும் முன்னரே எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னதைக் கணக்காய்வாளர் ஏற்கமாட்டார்.