ஐந்தாம் நகர்வில் ஏன் குதிரையால் வெட்டக்கூடாது?

கேள்வி: கொழும்பில் நடந்த பாடசாலைச் சதுரங்கச் சுற்றுப்போட்டி ஒன்றில் என் மகள் கறுப்புக் காய்களுடன் ஆடி, இருபது நகர்வுகளுக்குள் தோற்றுவிட்டாள். வெள்ளைக் குதிரை எஃப்7 கட்டத்தில் (அவளுடைய அரசனை ஒட்டிய சிப்பாய் நின்ற இடம்) பாய்ந்து அவளுடைய அரசனை நடுப்பலகைக்கு இழுத்துவிட்டது. ஆட்டத்தாளை அனுப்பியிருக்கிறேன். இந்தத் திறப்பையே (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளையே) விட்டுவிடச் சொல்லலாமா? (ஒரு தாயார், வெள்ளவத்தை)

பதில்: வேண்டாம். மகள் ஆடியது இரு குதிரைத் தற்காப்பு, நல்ல திறப்பு. நான்காம் நகர்வில் வெள்ளைக் குதிரை ஜி5க்கு வந்ததும் சிப்பாயை டி5க்குத் தள்ளினாளே, அதுவும் சரி. வெள்ளை அதை வெட்டியது. உடனே அவளும் குதிரையால் திருப்பி வெட்டினாள். வினை அங்கேதான் தொடங்கியது.

எஃப்7இல் விழுந்த குதிரையை அரசன் வெட்டியதும், ராணி எஃப்3இல் இருந்து செக் வைக்கிறது. டி5 குதிரையைக் காக்க அரசன் இ6க்கு ஏற வேண்டும். ஏறினாலோ, சி4 மந்திரியின் கோட்டில் அதே குதிரை அசைய முடியாமல் கட்டுண்டு நிற்கிறது. வெள்ளையின் மற்றக் குதிரையும் சி3க்கு வந்து அதையே குறிவைக்கிறது. கணினி இதிலும் கறுப்புக்கு வழி தேடித் தரும். மணிக்கூடு ஓடும்போது ஒரு சிறுமியிடம் அதை எதிர்பார்ப்பது அநியாயம்.

ஐந்தாம் நகர்வில் சி6 குதிரையை ஏ5க்கு நகர்த்தி மந்திரியைத் தாக்கச் சொல்லுங்கள். மந்திரி பி5இல் செக் வைக்கும். சி6 சிப்பாயால் மறிக்க வேண்டும். வெள்ளை அதை வெட்ட, பி7 சிப்பாய் திருப்பி வெட்டும். ஒரு சிப்பாய் போய்விட்டதுதான். அதை மீட்கத் துடிப்பவர்கள்தான் இங்கே தோற்கிறார்கள். மந்திரி இ2க்குப் பின்வாங்கினால், எச்6 சிப்பாயால் குதிரையைத் துரத்தலாம். அது எஃப்3க்குப் போனால் இ4 சிப்பாயால் மறுபடியும் துரத்தலாம். வெள்ளை ஓடிக்கொண்டிருக்கும் நேரம்தான் இழந்த சிப்பாயின் விலை. குதிரை எச்3க்கு ஒதுங்கினாலும் திகைக்க வேண்டாம். முதல் உலகச் சாம்பியன் ஸ்டெய்னிட்ஸ் கையாண்ட விசித்திரம் அது. 1963இல் அமெரிக்க ஆட்டக்காரர் பிஸ்கையருக்கு எதிராக, பின்னாளில் உலகச் சாம்பியனான ஃபிஷரும் அதை ஆடி வென்றார். அந்தக் குதிரையை அவசரப்பட்டு வெட்டாமல் கறுப்பு மந்திரியைச் சி5க்குக் கொண்டுவருவதே என் விருப்பம்.

அடுத்த போட்டி மிக அருகில் என்றால், மூன்றாம் நகர்விலேயே மந்திரியைச் சி5க்கு எடுக்கட்டும். அப்போது ஜி5க்குப் பாயும் குதிரையை ராணியே வெட்டிவிடும். பிறகு எஃப்6க்குக் குதிரையை எடுத்தபின் வெள்ளை ஜி5க்கு வந்தால், கோட்டை கட்டினாலே எஃப்7க்குக் கோட்டையும் அரசனும் காவல். குதிரை ஏ5க்குப் போகும் அந்த வழியை விடுமுறையில் வீட்டில் இருவருமாக, பக்கம் மாற்றி மாற்றி ஆடிப் பாருங்கள்.