சினிபெஞ்ச் தாங்குகிறது, கேம் தாங்கவில்லை: ஓவர்க்ளாக் கேள்விகள்

கேள்வி: இன்டெல் ஐ7 8700கே ப்ராசஸரை ஓவர்க்ளாக் செய்து, அதாவது அதற்கு நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி, 5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறேன். பயோஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) 1.35 வோல்ட். சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் பத்து நிமிடம் சிக்கலில்லாமல் ஓடுகிறது. கேம் ஆடினால் ஒரு மணி நேரத்தில் ப்ளூ ஸ்க்ரீன். என்ன செய்வது?

பதில்: சினிபெஞ்ச் எல்லாக் கோர்களுக்கும் சீரான சுமை தரும். கேமில் சுமை நொடிக்கு நொடி ஏறி இறங்கும். வோல்டேஜ் தடுமாறுவது அந்த இடத்தில்தான். எக்ஸ்எம்பி (ரேமை அதிவேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டிருந்தால் கோளாறு ரேமிலும் இருக்கலாம். ஆகவே முதலில் எக்ஸ்எம்பியை அணைத்து, ப்ராசஸரை மட்டும் தனியே சோதியுங்கள்.

ப்ரைம்95 என்ற சோதனை மென்பொருளில் ஸ்மால் எஃப்எஃப்டி (ப்ராசஸரை வாட்டும் சோதனை), ஏவிஎக்ஸ் (ப்ராசஸரை அதிகம் சூடேற்றும் கனமான கணக்குக் கட்டளைகள்) இல்லாமல் அரை மணி நேரம். பிறகு ஏவிஎக்ஸுடன். அதன்பின் எக்ஸ்எம்பியைத் திரும்பப் போட்டு பிளெண்ட் (ரேமையும் சேர்த்துச் சோதிப்பது), சில மணி நேரம். ஒரு வொர்க்கர் (ஒரு கோரில் ஓடும் சோதனைப் பகுதி) மட்டும் ‘ரவுண்டிங் 0.5’ என்று பிழை காட்டி நின்றால், பெரும்பாலும் அந்தக் கோருக்கு வோல்டேஜ் போதவில்லை. 0.01 அல்லது 0.02 வோல்ட் ஏற்றுங்கள். இல்லை, மல்டிப்ளையரை (வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் படிகளாக அமைக்கும் எண்) ஒன்று இறக்குங்கள். ப்ளூ ஸ்க்ரீனில் ‘க்ளாக் வாட்ச்டாக் டைம்அவுட்’ வந்தாலும் இதே மருந்துதான். ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றால் சந்தேகத்தை ரேம் பக்கம் திருப்புங்கள்.

சோதனை ஓடும்போது எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருள் திறந்திருக்கட்டும். அதில் டபிள்யூஎச்இஏ (விண்டோஸ் பதிவு செய்யும் ஹார்ட்வேர்) பிழை எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடினாலும் அந்த எண் ஏறினால் அது நிலையான ஓவர்க்ளாக் அல்ல.

வீகோரை (கோர்களுக்குப் போகும் வோல்டேஜ்) முழுச் சுமையில் பாருங்கள். பயோஸில் 1.35 என்று இருந்தாலும் சுமை ஏறியதும் 1.27 வரை விழலாம். இதைத் தடுக்கத்தான் லோட் லைன் கேலிப்ரேஷன். பலர் அதை உச்சத்தில் வைத்துவிடுகிறார்கள், அது தவறு. சுமை சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் நீங்கள் வைத்த அளவையும் தாண்டித் துள்ளும். அந்தத் துள்ளல் சாஃப்ட்வேரில் தெரியாது. நடு அளவில் வையுங்கள். சில மதர்போர்டுகளில் 1 என்பது மிக வலுவான நிலை, சிலவற்றில் மிக மென்மையான நிலை. கையேட்டைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: அதே ப்ராசஸர்தான். ஏவிஎக்ஸ் சோதனையில் 98 டிகிரி தொடுகிறது. பெரிய கூலர் வாங்கலாமா?

பதில்: 100 டிகிரியில் இது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உடனே எரிந்துவிடாது. ஆனால் வேகம் குறைந்த பிறகு நீங்கள் சோதிப்பது 5 கிகாஹெர்ட்ஸை அல்ல, ஆகவே சோதனைக்கே பொருள் இல்லை. வெப்பம் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும்: 4.7 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட்டிலிருந்து 5.0, 1.35க்குப் போனால் சுமார் 24 சதவீதம் கூடுதல். 8700கே-யின் மூடிக்கு அடியில் சால்டர் (வெப்பத்தை நன்றாகக் கடத்தும் உலோகப் பற்று) இல்லை, பேஸ்ட்தான். அதனால் பெரிய கூலர் ஓரளவுக்கே உதவும். ஏவிஎக்ஸ் ஆஃப்செட்டை 2 அல்லது 3 என்று வைத்தால் அந்தச் சுமையில் மட்டும் 200, 300 மெகாஹெர்ட்ஸ் குறையும். கோர்களுக்கிடையே 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், செலவழிக்கும் முன் கூலரைக் கழற்றி பேஸ்ட் சரியாகப் பரவியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஏஎம்டி ரைசன் 5800எக்ஸ் சும்மா இருக்கும்போதே 1.45 வோல்ட் காட்டுகிறது. ஆபத்தா?

பதில்: இல்லை. ஒரு கோர் கண நேரம் பூஸ்ட் ஆகும்போது (தானாக வேகம் ஏறும்போது) அப்படிக் காட்டும். கரன்ட் அப்போது குறைவு. வோல்டேஜ், கரன்ட், வெப்பம் மூன்றும் ஒன்றாக உயரும்போதுதான் சிலிக்கான் வேகமாகத் தேயும். அதே 1.45-ஐ எல்லாக் கோர்களுக்கும் நிரந்தரமாகப் பூட்டினால் ஆபத்து. இந்த வகைக்கு கர்வ் ஆப்டிமைசரே (ஒவ்வொரு கோரின் வோல்டேஜையும் தனித்தனியே குறைக்கும் பயோஸ் அமைப்பு) மேல். ஆனால் எல்லாக் கோர்களிலும் கண்ணை மூடிக்கொண்டு மைனஸ் 30 போடாதீர்கள். அதன் தவறு முழுச் சுமையில் வெளிப்படாது, ஒற்றைக் கோர் பூஸ்ட்டில்தான் வெளிப்படும். கோர்சைக்ளர் என்ற கருவி கொண்டு ஒவ்வொரு கோராகச் சோதித்து, பிழை தந்த கோருக்கு மட்டும் மைனஸைக் குறையுங்கள்.

கேள்வி: இன்டெல் 14ஆம் தலைமுறை ஐ9. ஓவர்க்ளாக் செய்யாமலே டெஸ்டில் பிழை வருகிறதே?

பதில்: முதலில் பயோஸைப் புதுப்பியுங்கள். 2024 ஆகஸ்டில் இன்டெல் தந்த மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் நிரலுக்கான திருத்தம்), ப்ராசஸர் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுக்கிறது. ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்பை அது மீட்காது. புதுப்பித்து, பயோஸை இன்டெல் டீஃபால்ட்டில் வைத்த பிறகும் பிழை வந்தால் வாரன்டியில் மாற்றக் கேளுங்கள்.