ஏற்காடு போகும் வழியில் சேலத்தில் ஒரு நாள் தங்கலாமா? அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது?

'என்னதான்' என்ற அந்த ஒரு வார்த்தை சுருக்கென்று தைத்தது. நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பீர்கள். இரண்டு நாள் லீவு, ஜங்ஷனில் இறங்கி ஒரு டீ, நேராக மலை. போன தை மாதம் என் நாத்தனார் குடும்பமும் அந்தக் கணக்கோடுதான் வந்தது. நான் விடவில்லை.

நான் பிறந்தது செவ்வாய்ப்பேட்டை. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் வந்த பேட்டை. தெருவுக்குத் தெரு வெள்ளிப் பட்டறை. நாத்தனார் மகளை என் அண்ணன் பட்டறைக்குக் கூட்டிப் போனேன். அவள் காலில் கிடந்ததே சேலத்துக் கொலுசுதான், அது அவளுக்குத் தெரியாது. அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்னச் சின்ன வளையங்களைக் கோத்து, பொடி வைத்து, தீயை ஊதி ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். தீ ஒரு நொடி கூடுதலாகப் பட்டால் வளையமே உருகிவிடும். சாயங்காலம் தரையைக் கூட்டிய மண்ணைக்கூட டப்பாவில் சேர்த்து வைக்கிறார்கள். அதிலும் வெள்ளித்தூள் இருக்கிறதே!

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பெரிய கடைகளில் கொலுசு வாங்கும்போது செய்கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறீர்களே, அந்தப் பணம் கடைக்காரர் பையிலிருந்து போவதில்லை. அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயதுதான். இப்போதே கண்ணாடி இல்லாமல் வளையம் கோக்க முடியவில்லை. கூலி மட்டும் வருஷக்கணக்கில் அங்கேயே நிற்கிறது.

சரி, ஊருக்கு வருவோம். சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், இரண்டு விதச் சட்னி. கையில் வாங்கியதும் வாயில் போட்டுவிட வேண்டும், நின்றால் நமத்துவிடும்.

மறுநாள் காலை மலைக்குக் கிளம்பினோம். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவு வரும், அங்கே கொஞ்சம் இறங்கிப் பாருங்கள். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டூடியோ. மலையாளத்தின் முதல் பேசும் படமே இங்கிருந்துதான் 1938-ல் வந்தது. இன்று மிச்சம் அந்த வாசல் வளைவுதான்.

அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து இந்தச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் மலைமேல் காப்பியைக் கொண்டுவந்தார். ஏற்காட்டின் பழைய பங்களாக்களும் சர்ச்சும் அந்தக் காலத்துத் தொடர்ச்சிதான். ஆனால் 'வெள்ளைக்காரன் கண்டுபிடித்த மலை' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே மலையாளி மக்கள் அங்கே சாமையும் கேழ்வரகும் விதைத்து வாழ்ந்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிடாதீர்கள். பேசுவது தமிழ், காஞ்சியிலிருந்து வந்தோம் என்று சொல்வார்கள். உச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயில் அவர்களுடைய சாமி. குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும்.

இறங்கும் வழியில் ஒரு தோட்டத்துக் களத்தில் காப்பிப் பழம் காயப் போட்டிருந்தார்கள். காவலுக்கு இருந்த பாட்டி ஒரு சிவப்புப் பழத்தைப் பிதுக்கி நாத்தனார் மகளிடம் கொடுத்தார். "அத்தை, இது இனிக்குது!" என்று கத்தினாள். காப்பி என்றாலே கசப்பு என்று நினைத்திருந்த பிள்ளை.

சொந்த ஊர்ப் பாசத்தில் எழுதுகிறேன் என்று கீழே யாராவது போடுவீர்கள். திருமணிமுத்தாறு சாக்கடையாக ஓடுவதை நானும் தினம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடக்கிறேன். அதை மறைக்கவில்லை.

ஒரு நாள் போதாது, இரண்டு நாள் வையுங்கள். ஆடி மாதம் என்றால் கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஊரே நிறைந்திருக்கும். ரூமுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு வாருங்கள்.