கார் பழசு, பில் புதுசு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2013 மாடல் பி.எம்.டபிள்யூ. 520டி, 1,40,000 கி.மீ. ஓடியது, 11 லட்சம் சொல்கிறார்கள். புது இன்னோவாவில் பாதி விலைதான் வருகிறது. வருடம் 10,000 கி.மீ. ஓட்டுவேன். மாதச் செலவு எவ்வளவு ஆகும்?
– எம்.ஆர்., ஈரோடு

பதில்: புதிதாக வந்தபோது அரைக் கோடியை ஒட்டி விற்ற கார் இது. நீங்கள் 11 லட்சத்துக்கு வாங்கிய விஷயம் டயர் கடைக்காரருக்கும் தெரியாது, பிரேக் பேடுக்கும் தெரியாது. செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் அசெம்பிள் செய்த கார்தானே, பாகம் மலிவாகக் கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள். கீழே உள்ளவை வெளி ஒர்க்‌ஷாப்பை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு. கம்பெனி சர்வீஸ் என்றால் சர்வீஸ், ரிப்பேர் வரிகளில் ஒன்றரை மடங்காவது வையுங்கள்.

டீசல்: ஊருக்குள் பாதி, ஹைவே பாதி என்றால் லிட்டருக்கு 12 கி.மீ. லிட்டர் 92 ரூபாய் வீதம் வருடத்துக்கு 77,000. இன்ஷூரன்ஸ் 30,000. வருட சர்வீஸ் 20,000. இதில் பி.எம்.டபிள்யூ. கேட்கும் எல்எல்-04 தர 5டபிள்யூ-30 இன்ஜின் ஆயில் 5.2 லிட்டர், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், லேபர் எல்லாம் அடக்கம். டயர் நாலும் 80,000, 40,000 கி.மீ. வரும் என்று வைத்தால் வருடக் கணக்கில் 20,000. பிரேக் பேட், டிஸ்க், சென்சார் 10,000. பேட்டரிக்கு 6,000. முன்பக்க சஸ்பென்ஷனில் ஆர்ம், புஷ் வேலை ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை வரும். அதன் பங்கு 12,000. இதுவரை 1,75,000.

பலர் கணக்கில் விடுவது அடுத்த வரியைத்தான்: முன்கூட்டிச் சொல்ல முடியாத ரிப்பேர். இன்ஜெக்டர், ஈ.ஜி.ஆர். கூலர் (இன்ஜினுக்கே திருப்பி விடும் புகையைக் குளிர்விப்பது), கிராங்க் புல்லி, ஏசி கம்ப்ரசர், இன்ஜின் மவுண்ட். ஒரு வருடம் எதுவுமே வராது, மறு வருடம் மூன்று சேர்ந்து வரும். வருடத்துக்கு 75,000 ஒதுக்குங்கள். ஆக மொத்தம் இரண்டரை லட்சம்; மாதம் 21,000, கிலோமீட்டருக்கு 25 ரூபாய். வண்டியின் விலை இறங்குவது இதில் சேரவில்லை. 2013 பதிவு என்றால் 2028-ல் ஆர்.சி.க்கு 15 வயது முடிகிறது. எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி நீட்டிக்கலாம். ஆனால் அந்தத் தேதி நெருங்க நெருங்க வாங்குகிறவர் அடித்துப் பேசுவார்.

வாங்கிய முதல் மாதமே எல்லா ஆயில், கூலன்ட், ஃபில்டர், கியர்பாக்ஸ் சர்வீஸ் என்று ஒரு பெரிய பில் வரும். காருக்கு 11 லட்சம் கொடுத்த பிறகு கையில் 2 லட்சம் மிஞ்சுகிறது என்றால் வாங்குங்கள். காருக்கே கடன் வாங்க வேண்டிய நிலை என்றால் அந்த இன்னோவாவே உங்களுக்குச் சரி.

கேள்வி: நான் பார்த்த 520டி-யில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கரகர'வென்று சத்தம். 'டீசல் வண்டி அப்படித்தான் இருக்கும்' என்கிறார் புரோக்கர்.
– வாசகர், திருச்சி

பதில்: டீசல் சத்தத்தை எல்லோரும் கேட்டிருக்கிறோம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். இந்த மாடலில் உள்ள என்47 இன்ஜினின் டைமிங் செயின் (பிஸ்டனும் வால்வும் தாளம் தப்பாமல் ஓட வைக்கும் சங்கிலி), மற்ற வண்டிகளைப் போல ரேடியேட்டர் பக்கம் இல்லை. பின்னால், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் இழுபடும்போதும், அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு தேயும்போதும் அந்தப் பக்கத்திலிருந்தே சத்தம் வரும். 2011 வரை வந்த இன்ஜின்களில் இந்தப் புகார் அதிகம். பிந்தையவற்றில் குறைவு என்றாலும் இல்லை என்று சொல்ல முடியாது.

வண்டியை இரவு முழுக்க நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள். பானெட்டைத் திறந்து, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) பக்கம் காதை வைத்து, ஒருவரை 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம். வரை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். டப்பாவுக்குள் சங்கிலியைப் போட்டுக் குலுக்கியது போல் பின்பக்கம் கேட்டால் செயின். முன்பக்கம் கேட்டால் பெரும்பாலும் பெல்ட் டென்ஷனர் அல்லது கிராங்க் புல்லி. அது சின்ன வேலை. செயின் மாற்ற கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும். பாகமும் லேபரும் சேர்ந்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும். அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதும். பிறகு வேறு இன்ஜின் தேடும் பேச்சுதான்.

அதே நேரத்தில் கூலன்ட் டப்பாவையும் பாருங்கள். வெளியே எங்கும் ஈரமில்லாமல் அளவு மட்டும் இறங்குகிறது என்றால் ஈ.ஜி.ஆர். கூலர் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். 2018-ல் தென் கொரியாவில் 520டி கார்கள் தீப்பற்றியதற்குக் காரணமாக பி.எம்.டபிள்யூ. சொன்னது இதைத்தான்: கசிந்த கூலன்ட் கரியோடு கலந்து படிந்து, சூட்டில் பற்றிக்கொண்டது. உலக அளவில் ரீகால் நடந்தது. சேசிஸ் நம்பரைக் கொடுத்து, இந்த வண்டிக்கு ரீகால் வேலை பாக்கி இருக்கிறதா என்று டீலரிடம் கேளுங்கள்.

கேள்வி: கியர் ஆயில் 'லைஃப்டைம்', மாற்றவே வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறார். வேறொருவர், மாற்றினால்தான் கியர்பாக்ஸ் கெடும் என்கிறார்.
– கே.எஸ்., கோவை

பதில்: இந்த 8 ஸ்பீடு கியர்பாக்ஸைச் செய்தது இசட்.எஃப். நிறுவனம். அவர்களே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறார்கள். செய்தவர் பேச்சைக் கேட்பதே நல்லது. மாற்றியதால் கெட்டது என்று சொல்லப்படும் பெட்டிகளில் பல, ஏற்கெனவே கிளட்ச் தேய்ந்து, வழுக்கத் தொடங்கிய பிறகு கடைசி முயற்சியாக ஆயில் மாற்றப்பட்டவை. மீதியில், ஆயில் அளவு தப்பாக வைக்கப்பட்டிருக்கும்.

அளவு வைப்பதில்தான் சூட்சுமம். லிஃப்டில் வண்டி தண்ணீர் மட்டம் போல் நேராக நிற்க வேண்டும். முதலில் ஊற்றும் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது வரவில்லை என்றால் வடிக்கும் பிளக்கில் கை வைக்கவே கூடாது. வடித்த பிறகு அடித் தட்டை முழுசாக மாற்ற வேண்டும். அது பிளாஸ்டிக், ஃபில்டரும் காந்தமும் அதனுடனேயே வருகின்றன. போல்ட்டும் புதிது போடுங்கள், குறுக்குக் குறுக்காக அளவோடு இறுக்குங்கள். ஆயில் ஊற்றும் துளை வழியாக வழிந்ததும் நிறுத்தி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில நொடி நிறுத்திவர, மறுபடி ஆயில் உள்ளே இழுக்கும். ஸ்கேனரில் கியர் ஆயில் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டே, மெல்லிய நூலாக வழியும் வரை நிரப்பினால் அதுதான் அளவு. ஸ்கேனர் இல்லாமல் 'கை வைத்துப் பார்த்தால் தெரியும்' என்கிற கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பென்ஸ் எஸ்-கிளாஸ் 350 சிடிஐ, 2011 மாடல். விலை ஒரு ஐ20-க்குக் கீழே. காலையில் பார்த்தால் இடது முன்பக்கம் மட்டும் இறங்கி நிற்கிறது. ஸ்டார்ட் செய்ததும் எழுந்துவிடுகிறது. காற்று அடைத்தால் போதுமா?
– வாசகர், மதுரை

பதில்: அது டயர் காற்று இல்லை. ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் பையில் காற்றடைத்து நிற்கும் ஏர்மேட்டிக் சஸ்பென்ஷன். வயதாக ஆக, பை மடியும் இடத்தில் நுணுக்கமாக வெடிப்பு விடும். ஒரே மூலை இறங்கினால் அந்த மூலையின் ஸ்ட்ரட் (காற்றுப் பையும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), அல்லது அதற்குப் போகும் குழாய், வால்வு. சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு டேப் போதும்: வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் ஓரம் வரை மாலையில் ஓர் அளவு, காலையில் ஓர் அளவு.

'எழுந்துவிடுகிறது' என்பதில்தான் ஆபத்து. ஓட்டை பையை நிரப்ப கம்ப்ரசர் ஓயாமல் ஓடுகிறது. ஒருநாள் அதுவும் கருகும். கருகியதும் பலர் கம்ப்ரசரை மட்டும் மாற்றுவார்கள், பழைய ரிலேயை விட்டுவிடுவார்கள். ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி, புதியதும் போகும். ஆகவே ஓட்டை ஸ்ட்ரட், கம்ப்ரசர், ரிலே என்று ஒரே முறையில் முடிப்பதே சிக்கனம். முன் ஸ்ட்ரட்டில் ஒன்று போனால் மற்றதற்கும் அதே வயதுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த வி6 இன்ஜினில் இன்னொன்று. கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால் 'பின் ஆயில் சீல்' என்று சொல்லி கியர்பாக்ஸை இறக்கிவிடுவார்கள். பல நேரம் ஆயில் வருவது மேலிருந்து: இரண்டு வரிசை சிலிண்டருக்கு நடுவே உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயில் கூலரின் சீல் கசிந்து, பள்ளத்தில் நிரம்பி, பின்னால் வழிந்து இறங்கும். சீல் சில ஆயிரம்தான். அதைத் தொட டர்போ, மேனிஃபோல்டு எல்லாம் கழற்ற வேண்டும். லேபர்தான் பில். பழைய சீல் ஆரஞ்சு நிறம், திருத்தி வந்தது ஊதா. மாற்றியதாகச் சொன்னால் பில்லைக் கேளுங்கள்.

கேள்வி: டில்லி பதிவு கார் இரண்டு லட்சம் குறைவாக வருகிறது. எடுக்கலாமா?
– ஜே., நாகர்கோவில்

பதில்: டில்லி வட்டாரத்தில் 10 வயது தாண்டிய டீசல் கார்களுக்கு வந்த கெடுபிடியால்தான் அவை தெற்கே இறங்குகின்றன. அங்கிருந்து என்.ஓ.சி., பிறகு இங்கே ஆயுள் வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 20 சதவீதம். பழையதற்கு வயதைப் பொறுத்துக் குறையும். ஆனால் கணக்குப் போடுவது காரின் ஆரம்ப விலையை வைத்து, நீங்கள் கொடுக்கும் விலையை வைத்து அல்ல. அந்த இரண்டு லட்சம் அங்கேயே கரைந்துவிடலாம். ஒரிஜினல் இன்வாய்ஸ் நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொகையைக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

உள்ளூர் கார் என்றாலும் வெள்ளத்தை மறக்க வேண்டாம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டிலும் சென்னையில் தண்ணீர் குடித்த கார்கள் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் சேற்றுக் கோடு தெரியும். டிக்கித் தரையைத் தூக்குங்கள். 520டி-க்கு பேட்டரியும் அதை ஒட்டிய எலக்ட்ரானிக்ஸும் அங்கேதான் இருக்கின்றன. கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் விலை பேசவே வேண்டாம். மீட்டரைச் சுற்றியிருக்கிறார்களா என்பதற்கு, டாஷ்போர்டை நம்பாமல், டீலர் சர்வீஸ் பதிவில் கடைசியாக எழுதிய கி.மீ.யைப் பாருங்கள்.

கேள்வி: இன்ஷூரன்ஸ் பழைய ஓனர் பெயரிலேயே ஓடட்டுமா? நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் இருக்கிறதாம்.
– வாசகர், வேலூர்

பதில்: கூடாது. அந்த போனஸ் ஆளுக்கு உரியது, காரோடு வராது. 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். 1,500 சிசி-க்கு மேல் தேர்டு பார்ட்டி மட்டும் 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. பழைய காருக்கு 'ஜீரோ டெப்' (பாகத்தின் தேய்மானத்தைக் கழிக்காத பாலிசி) கிடைப்பது அரிது. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதி உங்கள் தலையில். பம்பரே பிளாஸ்டிக்தான்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டை பழைய பாக மார்க்கெட்டில் பாகம் வாங்கலாமா?
– எஸ்.பி., தாம்பரம்

பதில்: கண்ணாடி, டோர் பேட், டெயில் லாம்ப், கைப்பிடி, நெளியாத அலாய் வீல் – தாராளமாக. பிரேக், ஏர்பேக், ஏர் ஸ்ட்ரட் வேண்டாம். கம்ப்யூட்டர் யூனிட், ஹெட்லைட் மாட்யூல் போன்றவற்றை வாங்கும் முன், அதை உங்கள் காரின் கம்ப்யூட்டர் ஏற்கும்படி கோடிங் செய்ய ஆள் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய பேப்பர் வெயிட். எதற்கும் பில் கேளுங்கள். திருட்டுப் பாகம் என்றால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: 520டி-யில் ரன்-ஃப்ளாட் டயருக்குப் பதில் சாதா டயர்?
– வாசகர், சேலம்

பதில்: போடலாம், நாலையும் சேர்த்து. நம் ரோட்டுக்கு மெத்தென்று இருக்கும், விலையும் குறையும். டயர் ஓரத்தில் உள்ள லோடு, ஸ்பீடு எண்கள் பழையதை விடக் குறையக் கூடாது. மாட்டிய பின் காரின் ஸ்கிரீனில் வரும் ஐடிரைவ் மெனுவில் டயர் பிரஷர் எச்சரிக்கையை ரீசெட் செய்யுங்கள். பஞ்சரானால் ரன்-ஃப்ளாட் போல ஓட்டி வந்துவிட முடியாது. டிக்கியில் ஸ்டெப்னி இல்லையென்றால் 12 வோல்ட் பம்பும் பஞ்சர் கிட்டும் வாங்கிப் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.