பிளெண்ட் என்றால் கலப்படமா?

முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பாரிஸிலிருந்து வந்த மச்சான் ஒரு பொர்தோ சிவப்பு ஒயின் கொடுத்தார். லேபிளில் திராட்சையின் பெயரே இல்லை. இங்கே கடையில் வாங்கியதில் ‘கேபர்நே ஷிராஸ் பிளெண்ட், ரிசர்வ்’ என்று இருக்கிறது. கலந்தது என்றால் மட்டமா? விருந்துக்கு எதை வைக்கலாம்?”

மட்டமே இல்லை. காபித்தூள் கடையில் பீபெரி பாதி, பிளான்டேஷன் பாதி என்று சொல்லித்தானே அரைத்து வாங்குகிறோம்? அதை யாரும் கலப்படம் என்பதில்லை.

உங்கள் மச்சான் கொடுத்ததும் அநேகமாகக் கலவைதான். பிரான்ஸின் பொர்தோ பகுதியில் ஊர்ப்பெயரைத்தான் பெரிதாகப் போடுவார்கள். உள்ளே பெரும்பாலும் கேபர்நே சொவிஞ்ஞோன், மெர்லோ என்ற இரண்டு திராட்சை வகைகள் சேர்ந்திருக்கும். கேபர்நேவுக்குத் தோல் தடிமன், அதனால் துவர்ப்பு அதிகம், நாள்பட வைத்தாலும் தாங்கும். மெர்லோ மென்மையானது. அது முந்திப் பழுத்துவிடுவதால், அறுவடை நேரத்து மழையில் கேபர்நே கெட்டாலும் அந்த வருடம் தப்பிக்கும். ஆனால் மெர்லோ முந்தியே துளிர்ப்பதால் வசந்தகாலப் பனியில் கருகக்கூடும். அப்போது கேபர்நே கைகொடுக்கும். ஒவ்வொன்றையும் பொதுவாகத் தனித்தனியே நொதிக்க வைத்து, ருசி பார்த்துத்தான் அளவு சேர்க்கிறார்கள். எனக்கு இந்தத் தொழிலிலேயே மிகவும் பிடித்த வேலை அது.

இன்னொன்று. ஒரே திராட்சைப் பெயர் போட்ட பாட்டிலும் முழுக்க அதுவாக இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய விதிப்படி 85 சதவீதம் இருந்தால் போதும், அமெரிக்காவில் பொதுவாக 75. இரண்டு பெயர் இருந்தால் வரிசையைப் பாருங்கள். ஆஸ்திரேலிய பாட்டிலில் அதிகமாக உள்ளதுதான் முதலில் வரும்.

‘ரிசர்வ்’ என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஸ்பெயினில் ‘ரெசெர்வா’ சட்டச் சொல்; சிவப்பு ஒயின் 3 வருடம் முதிர்ந்திருக்க வேண்டும். மற்ற பல நாடுகளில் அது தயாரிப்பாளர் விருப்பம்தான். பிரெஞ்சு பாட்டிலில் ‘மீஸான் புத்தேய் ஓ ஷாத்தோ’ (Mis en bouteille au château) என்று இருந்தால் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தது என்று பொருள். அதை நம்பலாம், ஆனால் ருசிக்கு அது உத்தரவாதம் இல்லை.

சரி, விருந்துக்கு? மட்டன் குழம்பு காரமாக இருந்தால் ஒயினின் துவர்ப்பும் குழம்பின் காரமும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். காரம் குறைத்த வறுவலோடு பொர்தோவைத் திறங்கள். நம் ஊர் வெக்கையில் அறை வெப்பத்திலேயே ஊற்ற வேண்டாம். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.