வெயில்தான் காரணம் என்றால், ஒரே வெயிலில் வாழும் மக்கள் ஏன் வேறு வேறு நிறத்தில் இருக்கிறார்கள்?

நிலநடுக்கோட்டை ஒட்டி ஆப்பிரிக்காவில் வாழ்பவர்களையும் அமேசான் காட்டின் பூர்வகுடிகளையும் ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் கடும் வெயில்தான், ஆனால் அமேசான் மக்களின் நிறம் அவ்வளவு அடர்த்தி இல்லை. இந்தக் கேள்வி என்னையும் ரொம்ப நாள் குடைந்திருக்கிறது. பள்ளியில் "வெப்பநாட்டில் கறுப்பு, குளிர்நாட்டில் வெளுப்பு" என்று ஒரே வரியில் படித்துவிட்டு வந்தவன் நான். அந்த வரி பொய்யில்லை. நம் முன்னோர் எங்கே எவ்வளவு காலம் இருந்தார்கள், எங்கிருந்து கிளம்பி வந்தார்கள் என்பது அதில் விட்டுப்போயிருக்கிறது.

முதலில் வெயிலைப் பார்ப்போம். சூட்டைவிட அதிலுள்ள புற ஊதாக் கதிர்தான் இங்கே முக்கியம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமியை உண்டாக்கும் செல்கள் எல்லா மனிதரின் தோலிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு மெலனின் செய்கின்றன, எந்த வகை மெலனின் செய்கின்றன என்பதுதான் மாறுகிறது. கடுமையான புற ஊதாக் கதிர் உடலிலுள்ள ஃபோலேட் என்ற பி வகை வைட்டமினைச் சிதைக்கும். ஃபோலேட் குறைந்தால் கருவிலிருக்கும் குழந்தையின் தண்டுவடம் சரியாக மூடாமல் போகலாம். அதனால் அங்கே மெலனின் குடை மாதிரி. கதிர் குறைந்த வடக்கில் அதே குடை இடைஞ்சலாகிவிடும், ஏனென்றால் தோலில் வைட்டமின் டி உருவாக அந்தக் கதிர் கொஞ்சம் வேண்டும். இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவில்தான் நிறம் அமைந்தது என்ற விளக்கத்தை நினா ஜப்லான்ஸ்கி, ஜார்ஜ் சாப்லின் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ல் முன்வைத்தார்கள். ஒருவர் வெயிலில் அலைந்து கறுத்தால் அது பிள்ளைகளுக்குப் போகாது. பல தலைமுறைகளாக நடக்கும் இயற்கைத் தேர்வு இது.

சரி, அமேசானுக்கு வருவோம். ஆப்பிரிக்காவில் மனித இனத்துக்கு லட்சக்கணக்கான ஆண்டு வரலாறு உண்டு. அமெரிக்கக் கண்டத்துக்கு மனிதர்கள் வந்தது அதோடு ஒப்பிட்டால் நேற்றுத்தான், சில பத்தாயிரம் ஆண்டுகளுக்குள். அவர்களுடைய முன்னோர் வடகிழக்கு ஆசியாவின் குளிரில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் தெற்கே இறங்கியவர்கள். நிறமும் அவர்களோடு பயணம் செய்தது. ஆர்க்டிக்கின் இனுயிட் மக்கள் இதற்கு நேர்மாறு. அவ்வளவு வடக்கில் இருந்தும் அவர்கள் வெளுத்துப்போகவில்லை. மீனும் கடல் விலங்குகளும் அவர்களுக்கு வைட்டமின் டியைச் சாப்பாட்டிலேயே கொடுத்துவிட்டன.

என்னை அசரவைத்தது ஐரோப்பாதான். அங்கே மனிதர்கள் குடியேறி 40,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது, குடியேறியதுமே வெளுத்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். 1903-ல் இங்கிலாந்துக் குகையொன்றில் கிடைத்த, சுமார் 10,000 ஆண்டு பழைய 'செடார் மனிதர்' எலும்புக்கூட்டின் மரபணுவை ஆராய்ந்து 2018-ல் முடிவு சொன்னார்கள். பெரும்பாலும் கறுத்த தோல், வெளிர்நிறக் கண்கள்! இன்றைய ஐரோப்பியரின் வெளிர் தோலுக்குப் பெரிய காரணமான ஒரு மரபணு மாற்றம், அனத்தோலியாவிலிருந்து (இன்றைய துருக்கிப் பகுதி) விவசாயத்தோடு வந்தவர்கள் மூலம் அங்கே வேகமாகப் பரவியது. எஸ்எல்சி24ஏ5 என்ற அந்த மரபணு 2005-ல் பிடிபட்டது ஒரு மீனில்! வரிக்குதிரை மீன்களில் பொன்னிறமாக வெளிறிய ஒரு வகையை ஆராய்ந்தபோதுதான் மனிதரிலும் அதன் வேலை தெரியவந்தது. அதே மாற்றம் மேற்கு ஆசியாவிலும் தெற்காசியாவிலும் பலரிடம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கோய்சான் மக்களிடமும் இருக்கிறது, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இறங்கிய மேய்ச்சல்காரர்கள் வழியாக.

ஆனால் கிழக்கு ஆசியர்களின் வெளிர் நிறத்துக்கு இந்த மாற்றம் காரணமில்லை. அவர்களுக்கு வேறு மரபணு மாற்றங்கள் தனியாக நேர்ந்தன. பப்புவா நியூகினி மக்களோ பார்வைக்கு ஆப்பிரிக்கர்களைப் போல இருந்தாலும் வம்சாவளியில் கிழக்கு ஆசியர்களுக்குத்தான் நெருக்கம். நிறத்தை வைத்து உறவு சொல்லப் புறப்பட்டால் இங்கேயே வழி தவறிவிடும்.

அப்புறம், ஆப்பிரிக்கா முழுக்க ஒரே நிறம் என்று நினைத்துவிடாதீர்கள். எத்தியோப்பியா, டான்சானியா, போட்ஸ்வானா மக்களிடம் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. கருநிறத்துக்கும் வெளிர் நிறத்துக்கும் உரிய மரபணு வடிவங்கள் இரண்டுமே அங்கே கலந்து கிடந்தன. வெளிர் நிறத்துக்கான வடிவங்களில் சில, நம் மனித இனம் தோன்றுவதற்கு முன்பிருந்தே ஆப்பிரிக்காவில் இருந்தவை.